ஒப்பரேஷனுக்குப் பிறகு வயிற்றுக்குள் ஒட்டிக்கொள்வது: நம்மூர்ப் பெண்கள் கேட்கும் கேள்விகள்

கர்ப்பப்பை, சூலகம், குழாய் என்று அடிவயிற்றில் எந்த ஒப்பரேஷன் செய்தாலும், ஆறும்போது உள்ளுறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகலாம். டயக்னோசிஸ் கார்டில் ‘அட்ஹீஷன்ஸ்’ என்று எழுதியிருக்கும். வார்ட்டில் ‘உள்ளே ஒட்டியிருக்கு’ என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்கள். அப்படிப் போனவர்களில் நானும் ஒருத்தி. 27 வருடம் தாதியாக இருந்தேன், அதில் பாதிக்கு மேல் பெண்கள் வார்ட்டில். அப்போது நின்று கதைக்க நேரம் இருந்ததில்லை. இப்போது ஓய்வு பெற்று திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறேன். பத்திரகாளி அம்மன் கோயில் வாசலிலும் மீன் சந்தையிலும் நிலாவெளி பஸ்ஸிலும் என்னை மறித்துப் பெண்கள் கேட்டவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, அன்று சொல்லாமல் விட்டதையும் சேர்த்துப் பதில் தந்திருக்கிறேன். நான் டொக்டர் இல்லை. உங்கள் வயிற்றைத் தொட்டுப் பார்க்கும் டொக்டர் சொல்வதற்கு இது மாற்றாகாது.

உள்ளே ஒட்டியிருக்கு என்கிறார்கள். எது எதோடு ஒட்டுகிறது அக்கா?

ஆட்டுக்குடல் வாங்கிக் கழுவியவர்களுக்கு இது உடனே விளங்கும். குடலின் மேலே கண்ணாடித்தாள் மாதிரி ஒரு சவ்வு மினுங்கும். கையில் எடுத்தால் வழுக்கிக்கொண்டு ஓடும். நம் வயிற்றுக்குள்ளும் அப்படி ஒரு சவ்வு இருக்கிறது. டொக்டர்மார் பெரிட்டோனியம் என்பார்கள். விரித்துப் போட்டால் ஏறத்தாழ நம் தோலளவு பரப்பு வரும். குடல், கர்ப்பப்பை, சூலகம் எல்லாவற்றையும் அது போர்த்தியிருப்பதால்தான் நாம் குனிந்தாலும் நிமிர்ந்தாலும் சாப்பிட்டாலும் அவை ஒன்றின்மேல் ஒன்று உரசாமல் வழுக்கிப் போகின்றன.

அந்தச் சவ்வில் வெட்டோ உரசலோ பட்டால், முழங்காலில் அடிபட்ட இடத்தில் நீர் கசிவது போலவே அங்கும் கசியும். அந்தக் கசிவில் பைப்ரின் என்ற பிசின் இருக்கிறது, பக்கத்தில் கிடப்பதை அது ஒட்டிப் பிடிக்கும். வழமையாக இரண்டு மூன்று நாளில் உடம்பே அதைக் கரைத்துவிடும். கரையாமல் நின்றால், அந்தப் பிசினுக்குள் நார் செய்யும் கலங்கள் ஊர்ந்து வரும். பிறகு இரத்தக் குழாய் வரும், சிலவற்றில் நரம்பிழைகூட வளரும். சிலருக்கு அது சிலந்தி வலை மாதிரி மெல்லியதாக இருக்கும், சிலருக்குத் தும்புக் கயிறு மாதிரி முறுகிக் கிடக்கும். கர்ப்பப்பையின் பின்பக்கம் குடலோடு, சூலகம் இடுப்புச் சுவரோடு, கொழுப்புச் சவ்வு வெட்டுத் தழும்பின் உட்புறத்தோடு ஒட்டும். இப்படிப் பல விதம். பெண்ணோயியல் ஒப்பரேஷன்களில் அடிக்கடி ஒட்டுகிறவற்றில் சூலகமும் ஒன்று.

எத்தனை பேருக்கு இப்படி வரும்?

வயிற்றைத் திறந்து செய்த பெண்ணோயியல் ஒப்பரேஷனுக்குப் பிறகு 60 முதல் 90 சதவீதம் வரையான பெண்களுக்கு ஏதோ ஓரளவு ஒட்டல் இருக்கும். இந்த எண்ணைப் பார்த்துப் பயப்படாதீர்கள். ஒட்டல் இருப்பது வேறு, ஒட்டலால் வருத்தம் வருவது வேறு. பெரும்பாலானோர் தமக்குள் அது இருப்பது தெரியாமலே பேரப்பிள்ளைகளைத் தூக்கி வளர்க்கிறார்கள்.

ஆனால் சின்ன விஷயம் என்று தள்ளவும் முடியாது. ஸ்கொட்லாந்தில் 1986இல் வயிற்றிலோ இடுப்புக்குழியிலோ திறந்த ஒப்பரேஷன் செய்தவர்களைப் பத்து வருடம் தொடர்ந்து பார்த்து, 1999இல் லான்செட் சஞ்சிகையில் எழுதினார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒருவர் திரும்ப ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார், அதுவும் சராசரி இரண்டு முறை. ஒட்டலால் வந்த அல்லது வந்திருக்கக்கூடிய பிரச்சினைக்காகவோ, ஒட்டல் சிக்கலாக்கக்கூடிய இன்னொரு ஒப்பரேஷனுக்காகவோ வந்தவர்கள் அவர்கள்.

நான் பத்தியம் காக்கவில்லை, குடம் தூக்கினேன், அதனால்தான் ஒட்டிவிட்டது என்று மாமி சொல்கிறா. உண்மையா?

இல்லை. இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்தேன் என்று சொல்லலாம்.

தம்பலகாமத்துப் பிள்ளை ஒருத்தி, 24 வயதிருக்கும். சூலகக் கட்டி எடுத்து எட்டு மாதம் கழித்து நோவோடு வந்திருந்தாள். கட்டிலின் ஒரு பக்கம் மாமி நின்று, மூன்றாம் மாதமே கிணற்றில் தண்ணி அள்ளியது, கத்தரிக்காய் தின்றது, பகலில் படுத்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தா. அந்தப் பிள்ளை தலையைக் குனிந்தபடி தலையணை உறையின் ஓரத்து நூலை இழை இழையாக உருவிக்கொண்டிருந்தாள். நான் மருந்து கொடுத்துவிட்டுப் போய்விட்டேன். அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்.

வயிற்றுச் சவ்வு மேலே உள்ள தோலை விட வேகமாக ஆறும். காயம் சிறிதானாலும் பெரிதானாலும் 5 முதல் 7 நாளில் மூடிவிடும். பிசின் கரைவதா, நாராக மாறுவதா என்பது பெரும்பாலும் அந்த முதல் வாரத்திலேயே முடிவாகிவிடுகிறது. மூன்றாம் மாதம் தூக்கிய குடம் அதில் சேராது. கத்தரிக்காயும் சேராது. பாரம் தூக்க வேண்டாம் என்று ஆறு கிழமை சொல்வது வயிற்றுச் சுவரின் தையலுக்காக. அது விட்டால் குடலிறக்கம் வரும். அது வேறு கதை.

அப்போ எதனால் ஒட்டுகிறது? ஒப்பரேஷன் நேரம் உள்ளே தங்கிய இரத்தம், விளக்கு வெளிச்சத்தில் சவ்வு காய்ந்துபோவது, துணித் துண்டிலிருந்து உதிரும் தும்பு, தையல் நூல், இரத்த ஓட்டம் குறைந்த இடம், கிருமித் தொற்று, ஏற்கெனவே இருந்த எண்டோமெற்றியோசிஸ் (கர்ப்பப்பையின் உட்படலம் போன்றது வெளியே வளரும் வருத்தம்). இவற்றோடு அவரவர் உடம்பு பிசினைக் கரைக்கும் வேகமும் ஆளுக்காள் மாறும். கையுறை வழுக்கிப் போட முன்பு தூள் தடவுவார்கள், அந்தத் தூளும் ஒரு காரணம். அமெரிக்காவில் 2017 ஜனவரியிலிருந்து தூள் தடவிய மருத்துவக் கையுறைக்கே தடை. எல்லாம் கவனமாகச் செய்தாலும் ஒட்டலாம். ஆகவே டொக்டரையும் உடனே குற்றம் சொல்ல வேண்டாம். உங்களைச் சொல்லவே வேண்டாம்.

எந்த ஒப்பரேஷனில் கூட ஒட்டும்?

கர்ப்பப்பையை வைத்துக்கொண்டு, அதன் தசையில் வளரும் பைப்ரொயிட் கட்டிகளை மட்டும் எடுப்பதில் அதிகம், அதிலும் கர்ப்பப்பையின் பின்சுவரில் வெட்டினால். எண்டோமெற்றியோசிஸ், அதனால் சூலகத்தில் பழைய இரத்தம் தேங்கி வரும் சாக்லேட் சிஸ்ட், குழாய் ஒப்பரேஷன், சூலகக் கட்டி இவையும் அந்த வரிசைதான். கர்ப்பப்பை முழுவதையும் எடுத்தாலும் குடலும் சூலகமும் அந்த இடத்தில் ஒட்டலாம். கமராக் குழாய் விட்டுச் செய்யும் லப்ரொஸ்கொப்பியில் பொதுவாகக் குறைவு, ஆனால் இல்லவே இல்லை என்பதல்ல.

ஒப்பரேஷனே செய்யாதவர்களுக்கும் வரும். வெடித்த குடல்வால், கர்ப்பப்பைக் குழாயில் தொற்று, வயிற்றுக் காசநோய் எல்லாம் ஒட்ட வைக்கும்.

மேலே தழும்பு வடிவாக ஆறியிருக்கு. அப்போ உள்ளேயும் சரிதானே?

மேல் தழும்பைப் பார்த்து உள்ளே இருப்பதைச் சொல்ல முடியாது. நூல் மாதிரி ஆறியவர்களுக்கு உள்ளே இறுகியிருந்ததையும் கண்டிருக்கிறேன், மேலே தடித்துப் புடைத்தவர்களுக்கு உள்ளே ஒன்றும் இல்லாததையும் கண்டிருக்கிறேன்.

ஸ்கானில் தெரியுமா?

வழமையான ஸ்கானில் ஒட்டல் நேரே தெரியாது. அனுபவமுள்ளவர் உள்வழியாக ஸ்கான் செய்யும்போது, கர்ப்பப்பையை மெல்ல அமத்தி, குடல் அதன் மேல் வழுக்கிப் போகிறதா, சூலகம் நகர்கிறதா என்று பார்ப்பார். நகராவிட்டால் சந்தேகப்படலாம். கண்ணால் கண்டு உறுதியாகச் சொல்ல லப்ரொஸ்கொப்பி வேண்டும். அதனால் ‘ஸ்கான் நோர்மல், உனக்கு ஒன்றுமில்லை’ என்று யாராவது சொன்னால், ஸ்கானில் ஒன்றும் இல்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் நோவு பொய்யென்று அந்த ஸ்கான் சொல்லவில்லை.

எனக்கு ஒரு வருடமாக அடிவயிறு நோகிறது. ஒட்டலால்தானா?

இருக்கலாம். ஆனால் கார்டில் அட்ஹீஷன் என்று எழுதியிருப்பதால் எல்லா நோவையும் அதன் தலையில் போட்டுவிடாதீர்கள். வைத்தியம் உள்ள வேறு காரணங்கள் அப்படித்தான் தப்பிப் போகின்றன.

ஒட்டலின் நோவு பெரும்பாலும் இழுக்கிற மாதிரி இருக்கும். எட்டி எடுக்கும்போது, படுக்கையில் திரும்பும்போது, சலம் முட்டி நிற்கும்போது, மலம் போகும்போது கூடும். எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பதற்கும் எவ்வளவு நோகிறது என்பதற்கும் நேர்க்கணக்கு இல்லை. ஒரு மெல்லிய நாடா ஒருத்தியைப் படுத்த படுக்கையாக்கும், இன்னொருத்தி உள்ளே எல்லாம் ஒட்டியிருக்க வயலுக்குப் போய் வருவாள்.

இப்போது வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். மல்லாந்து படுத்து, ஆகக் கூட நோகிற இடத்தில் ஒரு விரலை வைத்து அமத்துங்கள். விரலை எடுக்காமல் தலையையும் தோளையும் கொஞ்சம் உயர்த்துங்கள், வயிறு இறுகட்டும். நோவு கூடினால், அது உள்ளே இருந்து வராமல் வயிற்றுச் சுவரிலிருந்து வர வாய்ப்புண்டு. வெட்டின் ஓரத்தில் ஒரு நரம்பு தழும்புக்குள் அகப்பட்டிருந்தால் இப்படித்தான் இருக்கும். ‘இந்த இடம்தான்’ என்று விரல்நுனியால் காட்டக்கூடிய நோவு அது. அந்த இடத்தில் மரத்துப்போகும் ஊசி போட்டே பலருக்குக் குறைகிறது. சீசர் வெட்டின் இரண்டு மூலைகளிலும் இதை அடிக்கடி காணலாம். ஒட்டல் என்று நினைத்துக்கொண்டு வருடக்கணக்காகப் பொறுத்திருந்தவர்கள் இருக்கிறார்கள். அடுத்த கிளினிக்கில் இதை டொக்டருக்குச் செய்து காட்டுங்கள்.

மாதவிடாய் நாளில் மட்டும் தழும்புக்குள் ஒரு கட்டி வீங்கி நோகிறதா? கர்ப்பப்பையின் உட்படலம் தழும்பில் வளர்ந்திருக்கலாம், அதை எடுத்துவிடலாம். இருமும்போது புடைத்தால் குடலிறக்கம். இவை தவிர மலச்சிக்கல், சலப்பை நோவு, இடுப்புத் தளத் தசை இறுக்கம் என்றும் இருக்கிறது.

நோவுக்கு வைத்தியர் தந்த குளிசையை ‘மனநோய்க் குளிசை’ என்று பாமசியில் சொன்னார்கள். என்னைப் பைத்தியம் என்று நினைத்தாரா?

அமிட்ரிப்டிலின் தந்திருப்பார். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மருந்துதான். ஆனால் அதைவிடக் குறைந்த அளவில், நாட்பட்ட நரம்பு நோவுக்கு உலகமெங்கும் கொடுக்கிறார்கள். இரவில் போட வேண்டும். வாய் வறளும், முதல் சில நாள் காலையில் தூக்கமாக இருக்கும். வேலை செய்யக் கிழமைகள் எடுக்கும், இரண்டு நாளில் விட்டுவிடாதீர்கள். பனடோலை ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் போடாதீர்கள். கோடீன், ட்ரமடோல் போன்றவை மலத்தை இறுக்கும். ஒட்டல் உள்ளவர்களுக்கு அது நோவைக் கூட்டிவிடும்.

எந்த நேரத்தில் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

என் தங்கச்சியின் கதையைச் சொல்கிறேன். 2011இல் பைப்ரொயிட் எடுத்தது. ஐந்து வருடம் ஒரு வருத்தமும் இல்லை. 2016 தைப்பொங்கலுக்கு அடுத்த நாள் வயிற்றுளைவு வந்தது. அலை மாதிரி முறுக்கிக்கொண்டு வரும், கொஞ்சம் விடும், திரும்ப வரும். போன இடத்தில் கேஸ்றைட்டிஸ் (இரைப்பை அழற்சி) என்று குளிசை கொடுத்து அனுப்பினார்கள். நானும் டெலிபோனில், ‘பொங்கலும் வடையும் சாப்பிட்டது செமிக்கவில்லையாக்கும்’ என்றேன். அத்தனை வருடம் வார்ட்டில் நின்ற நான் சொன்னேன். இரவு அவள் சத்தி எடுத்தாள், பச்சைத் தண்ணி. அப்போதுதான் கேட்க வேண்டியதைக் கேட்டேன்: ‘காற்றுப் பிரிந்ததா?’ நேற்றுக் காலையிலிருந்து இல்லை என்றாள். வயிறு மேளம் மாதிரி ஊதியிருந்தது.

ஒட்டல் நாடாவில் குடல் மடிந்து அடைத்திருந்தது. பெரியவர்களுக்குச் சிறுகுடல் அடைபடுவதற்குப் பெரும்பாலான நாடுகளில் முதல் காரணம் பழைய ஒப்பரேஷனின் ஒட்டல்தான். சில கிழமையிலும் வரும், 20 வருடம் கழித்தும் வரும். மூக்கால் குழாய் விட்டு வயிற்றில் தேங்கியதை இழுத்தார்கள், வாயால் ஒன்றும் கொடுக்காமல் சேலைன் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் விடியப்புறம் காற்றுப் பிரிந்தது. அழுதுகொண்டே அவள் எனக்கு எடுத்துச் சொன்ன முதல் செய்தி அதுதான். பெரும்பாலானோருக்கு இப்படி வெட்டாமலே திறந்துவிடும். மூன்று நாளுக்குள் திறக்காவிட்டாலோ, குடலுக்கு இரத்தம் போகாத அறிகுறி கண்டாலோ உடனே ஒப்பரேஷன்.

ஆகவே வயிற்றில் ஒரு பழைய வெட்டு இருந்து, முறுக்கு நோவும் சத்தியும் வயிறு ஊதலும் சேர்ந்து வந்து, மலமும் காற்றும் நின்றுபோனால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். விட்டு விட்டு வந்த நோவு விடாத நோவாக மாறினாலோ, காய்ச்சல் வந்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ இன்னும் அவசரம். 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறப்பதற்கு முன் இரவில் வருத்தம் வந்தால் பாதைப்படகு ஓடும் வரை கரையில் காத்திருந்தவர்கள் உண்டு. இன்று அந்தத் தடை இல்லை. அங்கே போனதும் முதல் வார்த்தையாக, ‘எனக்கு இன்ன வருடம் வயிற்றில் ஒப்பரேஷன் செய்தது, காற்றுப் பிரியவில்லை’ என்று சொல்லுங்கள்.

ஆமணக்கெண்ணெய் குடித்தால் வயிறு சுத்தமாகி ஒட்டல் விடும் என்கிறார்களே?

விடாது. குடல் அடைபட்ட நேரத்தில் பேதிக்குக் குடித்தால் ஆபத்து. அடைபட்ட குடலை இன்னும் பிழிந்து கிழிக்கக்கூடும். மேலே பூசித் தடவுவதில் கேடில்லை, ஆனால் உள்ளே உள்ள நாரை அது கரைக்காது. ஒட்டலைக் கரைக்கும் என்று விற்கும் குளிசைகளுக்கும் தக்க ஆதாரம் இல்லை, காசை வீணாக்காதீர்கள்.

கன்னியா வெந்நீரில் குளித்தால்?

கன்னியாவின் ஏழு கிணறும் ஏழு சூடு. வாளியால் அள்ளி ஊற்றும்போது நாரி விட்டுக் கொடுக்கும், மனதும் இளகும். சூடு தசையைத் தளர்த்தும் என்பதால் நோவு அன்றைக்குக் குறையும். அதற்காகப் போங்கள், தாராளமாகப் போங்கள். ஒட்டல் கரையும் என்று நினைத்துப் போகாதீர்கள். காயம் முழுதாக ஆறும் வரை பொதுக் கிணற்றுத் தண்ணி வேண்டாம். வீட்டில் சுடுதண்ணிப் போத்தல் வைப்பவர்கள் கவனியுங்கள்: வெட்டைச் சுற்றி விறைத்துப்போன தோலுக்குச் சூடு தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் சிலர் கண்டார்கள். துணி சுற்றி வையுங்கள்.

ஒட்டியதை வெட்டி விட்டால் சரிதானே?

எல்லாருக்கும் தோன்றுகிற எண்ணம் இது, எனக்கும் ஒரு காலம் தோன்றியது. ஆனால் வெட்டினால் அங்கே புதிய காயம், புதிய பிசின். பலருக்குத் திரும்ப ஒட்டும். ஒட்டிய குடலைப் பிரிக்கும்போது குடலில் ஓட்டை விழும் அபாயமும் உண்டு.

நெதர்லாந்தில் நாட்பட்ட வயிற்று நோவும் ஒட்டலும் இருந்த 100 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு லப்ரொஸ்கொப்பியில் ஒட்டலை வெட்டி விட்டார்கள், மற்றவர்களுக்குக் கமராவால் பார்த்துவிட்டு மட்டும் மூடினார்கள். யாருக்கு எது என்று அவர்களுக்குச் சொல்லவில்லை. ஒரு வருடத்தில் இரு பக்கத்தாருக்கும் நோவு குறைந்தது, வித்தியாசம் இல்லை. 2003இல் லான்செட்டில் வந்தது இது.

வெட்டவே கூடாது என்று இதற்குப் பொருளல்ல. குடல் அடைபட்டால் வேண்டும். பிள்ளைக்காகக் குழாயை விடுவிக்க வேண்டியிருக்கலாம். நோவு ஒரே இடத்தில் நின்று, அங்கே ஓர் இறுகிய நாடா இருக்கிறது என்று டொக்டர் நம்பினால் யோசிக்கலாம். ஆனால் நோவுக்காக மட்டும் மூன்றாவது, நான்காவது தடவை வெட்டச் சொன்னால், கொழும்புக்கு 260 கிலோமீற்றர் போக வேண்டியிருந்தாலும் இன்னொரு வைத்தியரின் கருத்தைக் கேட்ட பிறகு ஒப்பமிடுங்கள்.

பிள்ளை தங்குமா?

பலருக்குத் தங்குகிறது. முட்டை சூலகத்திலிருந்து வந்து குழாயின் விரல்களில் ஏற வேண்டும். சூலகம் நாரால் மூடியிருந்தாலோ, குழாய் மடிந்திருந்தாலோ, விரல்கள் ஒட்டியிருந்தாலோதான் தடை. குழாய் திறந்திருக்கிறதா என்று பார்க்க, அந்த மாதத்து மாதவிடாய் முடிந்த கையோடு, முட்டை வெளிவருவதற்கு முன், கர்ப்பப்பைக்குள் சாயம் விட்டு எக்ஸ்ரே எடுப்பார்கள். வயிற்றுக்குத்து மாதிரி நோகும், அரை மணிக்கு முன் நோக்குளிசை போடலாமா என்று கேளுங்கள். குழாய் இறுகிச் சுருங்கினாலும் படத்தில் அடைப்பு மாதிரித் தெரியும். ஒரு படத்தை மட்டும் பார்த்து மனம் விடாதீர்கள்.

கர்ப்பம் தங்கினால் ஒன்று முக்கியம்: ஒட்டல் உள்ளவர்களுக்குக் கரு குழாயிலேயே தங்கும் அபாயம் கூட. நாள் தள்ளியதும் மிட்வைஃபிடம் பதிந்துவிட்டு, எங்கே தங்கியிருக்கிறது என்று ஆரம்பத்திலேயே ஸ்கான் கேளுங்கள். ஒரு பக்க நோவு, தோள்மூட்டு நோவு, தலைசுற்றல் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

இரண்டு சீசர் முடிந்தது. மூன்றாவதுக்குப் பயமாக இருக்கு.

ஒவ்வொரு சீசருக்கும் ஒட்டல் கூடிக்கொண்டே போகும். சலப்பை கர்ப்பப்பையின் முன்பக்கத்தோடு ஒட்டியிருந்தால் பிள்ளையை எடுக்க நேரம் எடுக்கும், சலப்பையில் வெட்டு விழவும் கூடும். நஞ்சுக்கொடி பழைய தழும்பின் மேல் இருக்கிறதா என்று ஸ்கானில் பார்க்க வேண்டும். முந்திய தடவை ‘ஒட்டியிருந்தது, கஷ்டப்பட்டு எடுத்தோம்’ என்று சொல்லியிருந்தால், முதல் கிளினிக்கிலேயே அதைச் சொல்லுங்கள். முன்கூட்டித் தெரிந்தால் அனுபவமுள்ள டொக்டரும் இரத்தமும் ஆயத்தமாக இருக்கும்.

டி அன்ட் சி (கர்ப்பப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்வது) செய்த பிறகு மாதவிடாய் குறைந்து, இப்போது ஒரு நாள் கறை மட்டும். நல்லதுதானே?

நல்லதென்று இருந்துவிடாதீர்கள். இது கர்ப்பப்பைக்குள்ளேயே முன்சுவரும் பின்சுவரும் ஒட்டுவதாக இருக்கலாம். 1948இல் இதை விரிவாக எழுதிய ஜோசப் அஷர்மனின் பெயரால் அஷர்மன் நோய் என்பார்கள். மாதாமாதம் வயிற்றுக்குத்து இருந்தும் இரத்தம் வராமல் இருந்தால் இன்னும் சந்தேகம். கர்ப்பப்பைக்குள் கமரா விட்டுப் பார்த்து, அப்போதே பிரித்துவிட முடியும். பிள்ளை வேண்டுமென்றால் தாமதிக்க வேண்டாம்.

கர்ப்பப்பை எடுத்த பிறகு கணவரோடு இருக்கும்போது உள்ளே குத்துகிறது. யாரிடம் கேட்பது?

கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு ராத்தா இதைக் கேட்க மூன்று கிளினிக் எடுத்தா. மூன்றாவதில் டொக்டர் எழுந்து போன பிறகு என் காதுக்குள் கேட்டா. சூலகம் யோனியின் மேல்முனையோடு ஒட்டியிருந்தால் ஆழத்தில் அப்படிக் குத்தும். வறட்சியாலும், தசை பயந்து இறுகுவதாலும் நோகும், அவற்றுக்கு வைத்தியம் இலகு. படுக்கும் விதத்தை மாற்றி, ஆழத்தை நீங்கள் தீர்மானிக்கும்படி இருந்தால் பலருக்குக் குறைகிறது. வாயால் சொல்ல வெட்கமென்றால் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். தாதியிடம் சொன்னாலும் சரி, அவர் டொக்டரிடம் சொல்வார்.

ஒப்பரேஷனுக்கு முன் என்ன கேட்கலாம்?

லப்ரொஸ்கொப்பியில் செய்ய முடியுமா, வெட்டாமல் மருந்தால் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். ஒட்டாமல் இருக்க இடையில் வைக்கும் பொருட்களும் உண்டு. கரைந்துபோகும் செலுலோஸ் வலை, மெல்லிய படலம், வயிற்றுக்குள் விட்டு மூடும் ஐகோடெக்ஸ்ட்ரின் திரவம் என்று சில வகை. அவை ஒட்டலைக் குறைக்கும், முற்றாகத் தடுக்காது. எல்லா இடத்திலும் இராது, இருக்கிறதா என்று கேட்பதில் தவறில்லை. பிறகு எழுந்து நடப்பது குடலுக்கும் காலில் இரத்தம் கட்டாமல் இருக்கவும் நல்லது. மறுநாளே நடங்கள்.

என் பழைய கார்டெல்லாம் சுனாமியில் போய்விட்டது. இப்போது டொக்டர் கேட்கிறார், என்ன சொல்ல?

2004இல் கடல் கொண்டுபோனது பலருடையது. 2006 யுத்தத்தில் மூதூர், சம்பூர்ப் பக்கம் இருந்து வெறுங்கையோடு ஓடி வந்தவர்களிடமும் ஒன்றுமில்லை. கிடைத்தால் நல்லது: செய்த ஆஸ்பத்திரியின் பதிவறையில் வருடத்தையும், தெரிந்தால் கட்டில் சீட்டின் இலக்கத்தையும் கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால், ஒரு பின்னேரம் உட்கார்ந்து கொப்பியில் எழுதுங்கள். எந்த வருடம், எந்த ஆஸ்பத்திரி. வெட்டு நேரா, குறுக்கா. அவசரமாகச் செய்ததா, தேதி குறித்துச் செய்ததா. இரத்தம் ஏற்றினார்களா, வயிற்றில் குழாய் வைத்து அனுப்பினார்களா, எத்தனை நாள் நின்றீர்கள், காய்ச்சல் வந்ததா, சீழ் வந்ததா. ‘ஒட்டியிருந்தது’ என்று யாராவது சொன்னார்களா. அம்மாவோ அக்காவோ துணைக்கு நின்றிருந்தால் அவர்களைக் கேளுங்கள், மயக்கத்தில் இருந்த உங்களுக்குத் தெரியாதது அவர்களுக்குத் தெரியும். எழுதியதைப் போனில் படமெடுத்து மகளுக்கும் அனுப்பிவிடுங்கள். கொப்பியைக் கிளினிக் புத்தகத்தோடு ஒரே பொலித்தீன் உறையில் போட்டு, வீட்டில் எல்லாரும் அறிந்த இடத்தில் வையுங்கள்.